புழுவுக்கு வரப்பு தெரியாது

நான் பி.காம். படித்தவன், விவசாய நிபுணன் இல்லை. ஆனால் விதர்பாவில் பருத்திக் கடன் கோப்புகளைப் பார்த்துப் பார்த்து ஒரு விஷயம் உறுத்துகிறது.

2002-ல் பி.டி. பருத்தி வந்தது. 2006-ல் இரண்டு மரபணு உள்ள ரகம். இளஞ்சிவப்பு காய்ப்புழு இரண்டையும் தாங்கப் பழகிவிட்டது. (இங்கே 'குலாபி போண்ட் அளி' என்பார்கள்.) 2017-ல் மகாராஷ்டிரப் பருத்திக்கு விழுந்த அடி சாதாரணமில்லை.

இதற்குப் பருத்திதான் முக்கியச் சாப்பாடு. டிசம்பரோடு செடியைப் பிடுங்கி, பருத்தி மாரையும் அழித்தால் பட்டினிதான். ஆனால் ஒருவர் மட்டும் பிடுங்கி என்ன பயன்? பக்கத்துக் காட்டில் பிப்ரவரி வரை செடி நின்றால், அந்துப்பூச்சி அங்கிருந்து பறந்து வந்துவிடும்.

அமெரிக்காவில் பி.டி. பருத்தி, மலட்டு அந்துப்பூச்சி, இனக்கவர்ச்சிப் பொருள், செடி அழிப்பு எல்லாவற்றையும் பகுதி முழுக்கச் சேர்ந்து செய்தார்கள். 2018-ல் புழு ஒழிந்ததாக அறிவித்தார்கள். அங்கே பெரிய பண்ணைகள், இங்கே இரண்டு ஏக்கர்க்காரர்கள். வித்தியாசம் உண்டுதான்.

'நம்ம ஆளுங்க சேர மாட்டாங்க' என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடைசி எடுப்பில் வரும் பணம்தான் பலருக்குக் கடன் தவணை. வெறும் உபதேசத்துக்கு அதை யார் விடுவார்? ஊரே ஒரே வாரத்தில் செடியைப் பிடுங்கினால், அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை அரசு தரட்டும். வங்கிகளும் அந்த ஊருக்கு வட்டியில் கொஞ்சம் குறைக்கட்டும். ஆளை மட்டும் பார்க்கும் கடன் கணக்கு, ஊரையும் பார்க்கப் பழக வேண்டும்.

நீங்க என்ன நினைக்கறீங்க?