வரையறை இல்லாத கொள்கை யாரைக் காப்பாற்றுகிறது?

அரசின் கணினி, நெட்வொர்க் பாதுகாப்புக் கொள்கைகளில் பக்கம் பக்கமாகச் சொல்விளக்கம் எழுதுவது வெட்டிவேலை என்று வாதிடும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். தாக்குதல்கள் நாளுக்கொரு வடிவம் எடுக்கின்றனவாம். வரையறையின் மை காய்வதற்குள் அது பழசாகிவிடுமாம். எது தாக்குதல், எது கோளாறு என்பதைப் பொறியாளர்கள் அந்தந்த நேரத்தில் முடிவுசெய்தால் போதுமாம். படிக்கச் சுறுசுறுப்பாக இருக்கும் இந்த வாதம் அடிப்படையிலேயே பிழையானது.

பழசாகிவிடும் என்பதை முதலில் பார்ப்போம். 2023இன் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு மீறல் என்றால் என்ன என்று வரையறுக்கிறது. எந்த வைரஸின் பெயரும் எந்தக் கருவியின் பெயரும் அதில் இல்லை. தரவின் ரகசியமோ முழுமையோ அது கிடைக்கும் தன்மையோ கெட்டால் அது மீறல். தரவு வெளியே கசியாமல், உரியவர்களே திறக்க முடியாதபடி பூட்டப்பட்டாலும் மீறல்தான். நாளை எந்தப் புதுத் தாக்குதல் வந்தாலும் இந்த வரையறைக்குள் அடங்கும். பழசாவது மோசமாக எழுதப்பட்ட வரையறை. அதைக் காட்டி வரையறையே வேண்டாம் என்பது என்ன நியாயம்?

தெளிவில்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று, சைபர் சம்பவங்களைக் கையாளும் அரசு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது: சைபர் சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எது கவனத்துக்கு வந்த நேரம்? நள்ளிரவில் திரையில் எச்சரிக்கை மின்னிய கணமா, காலையில் பொறியாளர் உறுதிசெய்த கணமா? முக்கிய நெட்வொர்க்குகளைக் குறிவைத்துத் துழாவிப் பார்ப்பதுகூடத் தெரிவிக்க வேண்டிய சம்பவங்களின் பட்டியலில் இருந்ததே, ஒவ்வொரு துழாவலையும் தெரிவிக்க வேண்டுமா? கேள்விகள் குவிந்தன. அடுத்த மாதமே ஒரு கேள்வி-பதில் தொகுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. அது சட்ட ஆவணம் அல்ல என்று அந்தத் தொகுப்பே சொல்லிக்கொண்டது. உத்தரவை மீறினால் சிறைத்தண்டனைவரை போகலாம். விளக்கத்துக்கோ சட்ட பலம் இல்லை. பொறியாளரின் சுதந்திரம் பற்றிப் பேசும் கட்டுரையாளர், இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பொறியாளரை நினைத்துப் பார்க்கவே இல்லை.

இதைவிடக் கனமானது கூடங்குளம். 2019 அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையம் ஓர் அறிக்கை விட்டது: பொய்த்தகவல் பரப்பப்படுகிறது, கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, இணையத்தோடு தொடர்பில்லாதவை, அவற்றின்மீது சைபர் தாக்குதல் சாத்தியமில்லை. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தங்கள் கணினியில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. செர்ட்-இன் அதைக் கவனித்தது செப்டம்பர் 4 அன்று. இணையத்தோடு இணைந்த நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினி பாதிக்கப்பட்டது. முக்கிய உள்நெட்வொர்க் அதிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறது என்றது கழகம்.

இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். முதல் அறிக்கை கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி மட்டும் பேசி, நிர்வாக நெட்வொர்க்கைப் பற்றி வாய்திறக்கவில்லை. நிலையத்தின் அலுவலகக் கணினியில் தீநிரல் புகுந்தால் அது நிலையத்தின் மீதான தாக்குதலா, இல்லையா? முன்கூட்டியே எழுதிவைத்த பதில் இருந்திருந்தால், அந்த அறிக்கையில் கையெழுத்திட யாருக்கும் துணிவு வந்திருக்காது. எட்டு வாரம் மக்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. அந்த உலைகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் இடிந்தகரைக்காரர்கள் 2011லிருந்து கேட்டுவந்தது பாதுகாப்பைப் பற்றிய நேர்மையான பதிலைத்தான்.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை சைபர் தாக்குதலில் முடங்கியபோது, நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. இதைக் காட்டி, ‘தோற்றது கட்டமைப்பு, சொல் அல்ல’ என்கிறார் கட்டுரையாளர். சரியாகப் பிரிப்பது என்றால் என்ன, அது யார் பொறுப்பு என்று எழுத்தில் இல்லாத இடத்தில் எந்த அதிகாரியைக் கேள்வி கேட்பார் அவர்?

அரசுத் துறைகள் ஒவ்வொன்றும் தங்கள் பாதுகாப்புக் கொள்கையில் சம்பவம், மீறல், முக்கிய நெட்வொர்க், தெரிவிக்க வேண்டிய நேரம் ஆகியவற்றைச் சட்ட பலத்தோடு வரையறுத்து, மக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும். வேண்டாம் என்பவர்கள், அந்த அக்டோபர் 29 அறிக்கையை ஏற்கிறார்களா என்பதை முதலில் சொல்லட்டும்.