பட்டம் ஒன்று, பெயர் வேறு

படித்து முன்னேறினால் நிறம் தடையாகாது என்று கறுப்பின இளைஞர்களுக்கு அமெரிக்கா அறிவுரை சொல்கிறது. அதன் வேலைச் சந்தையோ அந்த அறிவுரையைப் பொய்யாக்குகிறது. கல்லூரியின் தரமும் எடுத்த பாடமும் அனுபவமும் வேறுபடுவதால்தான் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் வேலைவாய்ப்பும் ஊதியமும் வேறுபடுகின்றன என்பார்கள். அந்த வேறுபாடுகள் உண்மைதான். ஆனால், அவை எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டால் என்ன ஆகும்? பொருளாதார அறிஞர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. பாஸ்டன், சிகாகோ நாளிதழ்களின் வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்கள் போயின. இரு இனப் பெயர்களுக்கும் இடையே தகுதியில் வேறுபாடு இல்லை. பெயரில் மட்டுமே வேறுபாடு. எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. லக்கீஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர்களுக்குப் பதினைந்துக்கு ஒன்று. இன்னொன்றும் தெரிந்தது: தகுதியைக் கூட்டிய விண்ணப்பம் வெள்ளையர் பெயருக்குக் கை கொடுத்த அளவுக்குக் கறுப்பினப் பெயருக்குக் கொடுக்கவில்லை. தகுதி கூடியும் பலன் அரைகுறை.

வேலையில் இனப்பாகுபாட்டை 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டமே தடை செய்துவிட்டதே என்று கேட்கலாம். ஆனால், அழைப்பு வராத ஜமாலுக்கு, அதே தகுதியுள்ள கிரெக்கை அழைத்தார்கள் என்பது தெரியவே தெரியாது. தெரியாத அநீதிக்கு யார் வழக்குப் போடுவது? ஆகவே, நிரூபிக்கும் சுமையைத் தனிமனிதர் தோளிலிருந்து இறக்க வேண்டும். யாரை அழைத்தோம், யாரை ஒதுக்கினோம், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கை நிறுவனங்களே பொதுவில் வைக்கட்டும். படிக்க வேண்டியதை அந்த இளைஞர்கள் படித்துவிட்டார்கள். இனித் திருந்த வேண்டியது வேலை கொடுப்பவர்களே.