ஆன்டிஆக்ஸிடன்ட் டானிக்கும் பெரியப்பாவின் ரிப்போர்ட்டும்

காஞ்சிபுரம்னா எல்லாரும் பட்டு, கோயில், இட்லி மூணைத்தான் சொல்வாங்க. நாலாவது ஒண்ணு இருக்கு. காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் இருக்கும் அரசு புற்றுநோய் மருத்துவமனை. இதே ஊரில் பிறந்த அண்ணா, 1968-ல் நியூயார்க் வரை போய் சிகிச்சை எடுத்தும், 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால்தான் இறந்தார். ஆனாலும் அந்த நோயின் பெயரை எங்கள் தெருவில் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள்.

என் பெரியப்பா நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். மலத்தில் ரத்தம் வந்தபோது, "உட்கார்ந்தே செய்யற வேலை, மூலச் சூடுடா" என்று சொல்லிவிட்டார். சுவரெல்லாம் மூலம், பௌத்திரம் விளம்பரம் இருக்கும் ஊரில் வேறெப்படித் தோன்றும்? ஒரு வருஷம் லேகியத்திலேயே போச்சு. கடைசியில் கொலனோஸ்கோப்பி செய்து பார்த்தால், பெருங்குடலில் கட்டி. மூன்றாம் நிலை.

அடுத்த வாரமே சொந்தக்காரர் ஒருவர் பாட்டிலோடு வந்துவிட்டார். "ஆன்டிஆக்ஸிடன்ட் டானிக். செல்லைக் கெடுக்கிற நச்சை எல்லாம் அழிச்சிடும்." விலையைக் கேட்டால் ஒரு வாரக் கூலி. பெரியப்பா என்னைப் பார்த்தார். "பயோகெமிஸ்ட்ரி படிக்கிறியே, இது வேலை செய்யுமா?"

மக்களே, அந்த வாரம்தான் இதே தலைப்பில் செமினார் கொடுத்திருந்தேன். ஆனாலும் உடனே பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

நாம் மூச்சு விடுவதாலேயே செல்லுக்குள் ஃப்ரீ ரேடிகல்கள் உருவாகின்றன. அவை டிஎன்ஏவைச் சிதைக்கும். அவற்றை அடக்க சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டாத்தயோன் பெராக்ஸிடேஸ் என்று செல்லிடமே காவல்படை இருக்கிறது. கொழுப்பு எவ்வளவு சிதைந்தது என்பதை மலோன்டிஆல்டிஹைடு அளவு காட்டும். இவற்றை அளந்து பெருங்குடல் புற்றுநோயாளியின் போக்கைக் கணிக்க முடியுமா என்று நிறைய ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன.

சிக்கல் இங்கேதான். 2019-ல் அத்தி வரதர் தரிசனம் நடந்த 48 நாளும் ஊர் முழுக்க போலீஸ். போலீஸ் அதிகமாக இருப்பதால் ஊர் அமைதியாக இருக்கிறது என்று அர்த்தமா, கூட்டம் கட்டுக்கடங்கவில்லை என்று அர்த்தமா? எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கட்டியிலும் அப்படித்தான். காவல் என்சைம் குறைந்தால் டிஎன்ஏ கெடுகிறது. கூடினால், சில ஆய்வுகளில் நோயாளியின் நிலை மோசமாக இருக்கிறது. ஏனென்றால் புற்றுநோய்ச் செல் அதே காவலைத் தனக்குக் கவசமாக்கிக்கொள்கிறது. கதிர்வீச்சும் பல கீமோ மருந்துகளும் ஃப்ரீ ரேடிகல்களை உண்டாக்கியும்தான் அந்தச் செல்லைக் கொல்கின்றன. அதற்குப் போய் நாமே கவசம் வாங்கிக் கொடுக்கலாமா?

வெறும் தர்க்கம் இல்லை, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1994-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், குடலில் பாலிப் அகற்றிக்கொண்ட 864 பேரைப் பிரித்து பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, ஈ கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு வருஷம் கழித்தும் புதுப் பாலிப் வருவது குறையவில்லை. அதே வருஷம் வந்த ஃபின்லாந்து ஆய்வில், புகைபிடிக்கும் 29,133 ஆண்களில் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. இதையெல்லாம் எந்த பாட்டில் லேபிளிலும் நான் பார்த்ததில்லை :(

கீரை, பழம், மஞ்சள் போட்ட குழம்பு எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். நான் சொல்வது மாத்திரையாகவும் டானிக்காகவும் விற்கிற பெரிய டோஸைத்தான்.

அப்போ எதைக் கேட்க வேண்டும்? "என்ன ஸ்டேஜ்?" என்று கேளுங்கள். அமெரிக்கக் கணக்குப்படி, குடலோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள். கல்லீரல், நுரையீரல் என்று பரவிய பிறகு பத்தில் இரண்டு பேர்கூட இல்லை. இன்றைக்கு எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் அளவும் டாக்டருக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்புகிறதா என்று பார்க்க சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. 1965-ல் மான்ட்ரியலில் கண்டுபிடித்தது, இன்னும் பயன்படுகிறது.

என் கருத்து இதுதான்: பெரியப்பாவிடம் குறைந்தது ஆன்டிஆக்ஸிடன்ட் இல்லை. அவர் இழந்தது அந்த ஒரு வருஷம். அதை எந்த பாட்டிலாலும் திருப்பித் தர முடியாது.

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். சொந்தக்காரருக்கு இன்னும் கோபம். பெரியப்பா ஆபரேஷன் முடிந்து கீமோவில் இருக்கிறார். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு அப்பாவுக்கு கொலனோஸ்கோப்பி செய்யலாம் என்றேன். கூடப்பிறந்தவருக்கு வந்திருந்தால் நாற்பது வயதிலேயே பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள். அப்பாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையேடா" என்றார்.

"ஒண்ணும் இல்லாதப்போ பார்க்கிறதுக்குத்தான்பா அந்த டெஸ்ட்" என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார். விடுவதாக இல்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, மாணவன். மலத்தில் ரத்தம் வந்தால் என்னிடம் கேட்காதீர்கள், சுவர் விளம்பரத்தையும் நம்பாதீர்கள். நேராக டாக்டரிடம் போங்கள்.