பண்ணை நிகழ்ச்சியைப் பிடித்து வைக்க எந்தப் பெட்டி?

தொலைக்காட்சியில் பண்ணை நிகழ்ச்சி போடும் நேரமும், விவசாயி வீட்டில் உட்காரும் நேரமும் ஒத்துப்போவது அபூர்வம். மாலையில் போட்டால் அது மாடு கறக்கும் நேரம். பாலைச் சங்கத்தில் ஊற்றிவிட்டு வருவதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிடும். காலையில் போட்டால் நடவு ஆட்கள் வரப்பில் வந்து நிற்பார்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரமென்றால் மோட்டார் அறையை விட்டு நகர முடியாது. யாருக்காக நிகழ்ச்சி தயாரிக்கிறார்களோ அவர் பார்ப்பதில்லை. வீட்டிலிருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை பார்த்துவிட்டு, "ஏதோ புழுவைப் பற்றிச் சொன்னாங்கப்பா" என்று இரவில் சொல்லும்.

நிகழ்ச்சியைப் பதிந்து வைத்து, கை ஓய்ந்த நேரத்தில் போட்டுப் பார்ப்பதே இதற்கு வழி. இதற்குப் பெரிய செலவில்லை. மாதச் சந்தாவும் வேண்டாம். ஆனால் கடையில் போய்க் கேட்டால் எத்தனை சேனல் வரும் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். சிறு விவசாயி கேட்க வேண்டியது வேறு. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் இந்தப் பெட்டி ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யுமா? பதிந்ததை வெளியே எடுத்துப் பக்கத்து வீட்டிலும் போட்டுப் பார்க்க முடியுமா? இந்த இரண்டு கேள்விக்கும் 'ஆம்' என்று பதில் வராத பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கத் தகுந்ததல்ல.

ஒலிபரப்பால் வயலில் மாற்றம் வரும் என்பதற்குத் தஞ்சை மாவட்டமே சாட்சி. 1960-களில் வந்த ஆடுதுறை 27 நெல் ரகத்துக்கு அங்கே 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. வானொலியில் கேட்டுத்தான் பலர் அதை நட்டார்கள். டெல்லியில் 1967 ஜனவரி 26-ல் 'கிருஷி தர்ஷன்' தொடங்கியபோது, சுற்றியிருந்த 80 கிராமங்களில் பொதுப் பெட்டி வைத்துக் காட்டினார்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் வந்தது. அதன் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியைப் பஞ்சாயத்துப் பெட்டியின் முன் உட்கார்ந்து பார்த்தவர்கள் இன்றும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்த நாளில் கூரைமேல் அலுமினியக் கம்பி ஆன்டெனா. காற்றடித்தால் ஒருவர் மேலே ஏறித் திருப்ப, இன்னொருவர் கீழே நின்று "தெரியுது, தெரியுது" என்று கத்துவார். அந்தக் காலம் முடிந்துவிட்டது. தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பு நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை 2022 மார்ச்சுக்குள் மூடப்பட்டன.

இப்போது கிராமத்தில் இலவசத் தொலைக்காட்சி என்றால் 'டி.டி. ஃப்ரீ டிஷ்' தான். 2004 டிசம்பரில் 'டி.டி. டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கியது இதுவே. தட்டு, பெட்டி, கம்பி எல்லாம் சேர்த்து ஒரு முறை சுமார் 2,000 ரூபாய் போட்டால் போதும். பிறகு காசு கேட்டு யாரும் வரமாட்டார்கள். 2024 ஜனவரி வரை பொதிகை என்றிருந்த டி.டி. தமிழ் இதில் கிடைக்கும். 2015 மே 26-ல் தொடங்கிய டி.டி. கிசானும் கிடைக்கும். ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்த் தனியார் சேனல்களில் பெரும்பாலானவை இதில் வருவதில்லை. கிசான் சேனலில் பேச்சு பெரும்பாலும் இந்தி. நெடுந்தொடருக்காக வாங்குபவர் ஏமாந்து போவார். பண்ணை நிகழ்ச்சிக்காக வாங்குபவருக்கு டி.டி. தமிழ் ஒன்றே போதும்.

பதிவு ஏன் அவ்வளவு முக்கியம்? மக்காச்சோளத்தில் வரும் படைப்புழுவை எடுத்துக்கொள்ளலாம். 2018-ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்ட புழு இது. தலையில் தலைகீழான 'ஒய்' எழுத்துப் போன்ற வெள்ளைக் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் என்பது அதன் அடையாளம். இதைத் திரையில் ஐந்து நொடி காட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள். பதிவு இருந்தால் படத்தை நிறுத்தி வைத்து, குருத்திலிருந்து எடுத்து வந்த புழுவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

மருந்தளவு இன்னும் பெரிய சங்கதி. இந்தப் புழுவுக்கு எமாமெக்டின் பென்சோயேட் 5 சதக் குருணை மருந்து லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம் என்பது பரிந்துரை. பத்து லிட்டர் டேங்குக்கு 4 கிராம். ஒரு முறை காதில் விழுந்ததை நம்பிப் போகிறவர் மனத்தில் நிற்பது 'நாலு கிராம்' மட்டுமே. அது லிட்டருக்கா, டேங்குக்கா? தவறாகப் பிடித்துக்கொண்டால் பத்து மடங்கு மருந்து போய்விடும். காசும் போகும்; தெளிப்பவர் உடம்புக்கும் கேடு. பின்னால் ஓட்டி இரண்டாம் முறை கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வதற்கே ஒரு பெட்டி வாங்கலாம்.

'கைப்பேசியில்தான் எல்லாம் வருகிறதே, இது எதற்கு?' என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நல்ல சிக்னலும் டேட்டாவும் உள்ள வீட்டுக்கு, தேடத் தெரிந்த பிள்ளையும் இருந்தால், இந்தப் பெட்டி அவசியமில்லை. ஆனால் மலையடிவாரத்திலும் ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டிலும் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். அறுபது வயதுக்காரர் உள்ளங்கை அளவுத் திரையில் புழுவின் புள்ளியைப் பார்ப்பது எப்படி? தவிர, கைப்பேசியில் தேடினால் பல்கலைக்கழக விஞ்ஞானி சொன்னதும், மருந்து விற்பவர் சொன்னதும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன.

இனி பெட்டிக்கு வருவோம். சந்தா கட்டும் டி.டி.எச். நிறுவனங்களின் பதிவுப் பெட்டி வசதியானதுதான். ஆனால் அதில் பதிந்தது பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். வேறு பெட்டியில் ஓடாது. மாதாமாதம் பணமும் கட்ட வேண்டும். கேபிள்காரர் தரும் பெட்டியிலோ பதிவு வசதியே பெரும்பாலும் இருப்பதில்லை. மிச்சமிருப்பது பென் டிரைவ் செருகும் துளையுள்ள ஃப்ரீ டிஷ் பெட்டி. இதிலும் ஒரு பொறி உண்டு. சில பெட்டிகளில் அந்தத் துளை பாட்டுப் போடுவதற்கு மட்டும், பதிவு ஆகாது. ரிமோட்டில் சிவப்புப் பொத்தான் இருக்கிறதே என்று நம்பிவிடாமல், கடையிலேயே ஐந்து நிமிடம் பதிந்து காட்டச் சொல்ல வேண்டும். அந்த பென் டிரைவை எடுத்துக் கம்ப்யூட்டரிலோ வேறு டி.வி.யிலோ செருகி ஓடுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

எம்பெக்-2, எம்பெக்-4 என்று இரண்டு வகைப் பெட்டி உண்டு. பழைய எம்பெக்-2 பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம். ஃப்ரீ டிஷ்ஷில் சில சேனல்கள் எம்பெக்-4 முறையில் மட்டுமே வருகின்றன. எம்பெக்-4 பெட்டி இரண்டையும் காட்டும். 2006-க்குப் பின் தமிழக அரசு இலவசமாகத் தந்த 14 அங்குல வண்ணப் பெட்டி இன்னும் வேலை செய்யும் வீடானால், மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. துளை மட்டும் உள்ளதை அந்த டி.வி.யில் மாட்ட முடியாது.

மின்சாரச் சோதனைதான் தலையாயது. டைமரில் பத்து நிமிடம் தள்ளி ஒரு நேரத்தைக் குறித்துவிட்டு, பெட்டியை ரிமோட்டில் அணைத்து, பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி செருகிவிட்டுத் தொடாமல் காத்திருக்க வேண்டும். குறித்த நேரத்தில் தானே எழுந்து பதிகிறதா? நல்ல பெட்டி பதியும். சில பெட்டிகள் மின்சாரம் திரும்பியதும் கடிகாரம் தெரியாமல் விழிக்கும். சில, குறித்து வைத்ததையே மறந்துவிடும். கடைக்காரர் முகம் சுளிக்கலாம். பத்து நிமிடச் சோதனைக்கு இடம் தராத கடையில் ஆயிரம் ரூபாய்ப் பொருள் வாங்குவானேன்?

பதிவு நடக்கும்போது டி.வி. ஓட வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது. பெட்டிக்கு மட்டும் மின்சாரம் இருந்தால் போதும். தட்டின் நுனியிலுள்ள கருவிக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெட்டியே கம்பி வழியாகக் கொடுத்துவிடும். ஆகவே 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெட்டியாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. வைஃபை ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன பாட்டரிப் பெட்டி ஒன்றைச் சேர்த்தால் அரைமணி நேர மின்தடையைச் சமாளிக்கலாம். அடாப்டரில் போட்டிருக்கும் ஆம்பியர் அளவுக்கு அது ஈடுகொடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டிராக்டர் பாட்டரியில் நேரே கம்பியைச் செருகுவது வேண்டாம். சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டைத் தொடும், பெட்டி தாங்காமல் போகலாம்.

பதிவின் அளவைப் பற்றிக் கவலை தேவையில்லை. சாதாரணப் படத்துக்கு மணிக்கு ஒன்று முதல் இரண்டு ஜி.பி. பிடிக்கும். 32 ஜி.பி. பென் டிரைவில் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் கொள்ளும். அரைமணி நிகழ்ச்சியானால் வாரம் ஐந்து நாள் பதிந்தாலும் ஆறு வாரம் வரும். பெரிய ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் அதற்கு வேண்டிய மின்சாரத்தைச் சின்னப் பெட்டியால் தர முடியாமல் பதிவு பாதியில் நிற்கக்கூடும்.

வீட்டுச் சண்டைக்கும் இடமுண்டு. மலிவுப் பெட்டியில் அலைவாங்கி ஒன்றுதான். டைமர் நேரம் வந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் சினிமாவை வெட்டிவிட்டுப் பெட்டி பண்ணை நிகழ்ச்சிக்குத் தாவும். வீட்டுக்காரம்மாள் பொத்தானை அழுத்திப் பதிவை நிறுத்தினால் குற்றம் அவர் மேல் இல்லை. முன்கூட்டியே சொல்லிவைப்பது அல்லது மறுஒளிபரப்பு நேரத்தில் பதிவது விவேகம்.

தட்டைப் பொருத்தும்போது தென்னையைக் கவனிக்க வேண்டும். ஜிசாட்-15 செயற்கைக்கோள் தமிழ்நாட்டுக்குத் தென்கிழக்கு வானில், தரையிலிருந்து ஏறக்குறைய 68 பாகை உயரத்தில் இருக்கிறது. அந்தத் திசையில் ஒரு மட்டை ஆடினாலும் படம் உடைந்து உடைந்து பதியும். கனமழையில் தட்டு நன்றாக இருந்தாலும் படம் நின்றுபோகும். புயல் எச்சரிக்கைக்கு இந்தப் பெட்டியை நம்பியிருக்கக் கூடாது. அதற்கு பாட்டரி ரேடியோ பக்கத்திலிருக்க வேண்டும்.

தூர்தர்ஷனுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. டைமர் என்பது கடிகாரத்தை நம்பி எழும் வேலைக்காரன். விளையாட்டுக்காகவோ விழாவுக்காகவோ பண்ணை நிகழ்ச்சியைச் சொல்லாமல் தள்ளிப்போட்டால், அரைமணி நேரம் மேடைப் பேச்சுதான் பதிந்திருக்கும். மாற்றம் இருந்தால் முதல் நாளே திரையில் எழுதிக் காட்டுவது பெரிய காரியமல்ல. அதுவரை, முன்னே ஐந்து நிமிடமும் பின்னே பத்து நிமிடமும் சேர்த்துக் குறித்து வைப்பது நல்லது.

ஒரு வீட்டில் பதிந்தது ஒரு தெருவுக்கே போதும். பால் சங்கத்திலோ உழவர் மன்றத்திலோ ஒரு டி.வி. இருந்தால், நெல்லுக்கு ஒன்று, தென்னைக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று என்று பென் டிரைவ் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பதிவுக்கும் தேதியை ஒரு நோட்டில் எழுதி வைப்பது அவசியம். மெத்தோமில், டைகோபால் ஆகிய மருந்துகளை மத்திய அரசு 2023-ல் தடை செய்தது. அதற்கு முந்திய பதிவு எதிலாவது அவற்றைத் தெளிக்கச் சொல்லியிருந்தால், அந்தப் பதிவை அழித்துவிட வேண்டும்.