கடலுக்குப் போங்க, கயிற்றையும் கொண்டு போங்க



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குது. வேன் பேசியாச்சு, புரியாணிக்கும் சொல்லியாச்சு. இந்த நேரத்தில் இதை எழுதினா "சேர் பெருநாள் சந்தோஷத்தைக் கெடுக்கிறார்" என்பீங்க. பரவாயில்லை. ஒரு ஜனாஸா வீட்டு வாசலில் நின்று எழுதுவதைவிட இப்போதே எழுதுவது நல்லது.

முதலில் ஒன்று. நான் ட்ரிப்புக்கு எதிரி இல்லை. போன வருசம் பெருநாளுக்கு அடுத்த நாள் நாங்களும் குடும்பமாகப் பாணமைக் கடலுக்குப் போனோம். பொத்துவில், அறுகம்பே தாண்டி, வயலும் காடுமாகப் போற அந்த ரோட்டே மனசை ஆற்றும். கடற்கரையில் கடை இல்லை, சத்தம் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்தான். வருசம் முழுக்க அடுப்படியில் நின்ற உம்மா, மணலில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு கோப்பை பிளேன்டீ குடிச்சதைப் பார்க்கவே அந்தப் பயணம் போதும்.

மச்சானுடைய மகனுக்கு 14 வயசு. குளிக்கணும் என்று நின்றான். அலை பெரிசாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் அலை உடையவில்லை, தண்ணி அமைதியாகக் கிடந்தது. "அங்கே போய்க் குளி, அங்கே அலை இல்லை" என்று சொன்னது நான்தான். படிச்சவன், பட்டம் வாங்கினவன், ஆசிரியர்.

ரெண்டு நிமிசம் போகவில்லை. பிள்ளை கரையிலிருந்து விலகிப் போறான். கையை அடிக்கிறான், ஆனால் பின்னுக்கே போறான். நாங்க கத்துறோம், ஒருத்தருக்கும் நீந்தத் தெரியாது. தோணியடியில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு சிங்கள மீனவர் ஓடி வந்தார். அவர் கையில் இருந்தது கயிறு கட்டிய ஒரு வெறும் பிளாஸ்டிக் கேன். நீந்தாதே, மித என்று கத்திக்கொண்டே அதை எறிந்தார். பிள்ளை பிடிச்சான். அல்ஹம்துலில்லாஹ்.

பிறகுதான் தேடிப் படிச்சேன். அலைகள் கரைக்குக் கொண்டு வந்து குவிக்கும் தண்ணி திரும்பிப் போக வழி வேணும். மணல் திட்டுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய பள்ளத்தால் அது ஆறு போலக் கடலுக்குள் இழுக்கும். அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது, தண்ணி கொஞ்சம் கறுப்பாக, அமைதியாகத் தெரியும். நாம பிள்ளைகளை இறக்குவது அங்கேதான். அந்த இழுவை பலமாக இருந்தால் கைதேர்ந்த நீச்சல்காரனாலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. ஆனால் அது ஆளை அடிக்கு இழுக்காது, வெளியேதான் கொண்டு போகும். எதிர்த்து நீந்திக் களைத்துப் போறவன்தான் தாழ்றான். மிதந்தால், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நகர்ந்தால், தப்பலாம்.

கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு 30 வயசு தாண்டும்வரை இது தெரியாது. வெட்கமாக இல்லையா?

2004 டிசம்பர் 26ஐ நாம மறக்கவில்லை. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நம்ம அம்பாறை மாவட்டம்தான். அதுக்குப் பிறகு நாம கடலுக்குப் பயப்படக் கற்றுக்கொண்டோம். ஆனால் கடலைப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. பயம் பெருநாள் வந்ததும் பறந்துவிடும், அறிவு பறக்காது.

இனி கோபப்படுறவங்க கோபப்படுங்க. ஒரு பிள்ளை கடலில் மௌத்தானால் ஊரில் ரெண்டு பேச்சுத்தான் கேட்கும். ஒரு கூட்டம் "எல்லாம் நஸீபு" என்று முடிச்சுவிடும். மற்றக் கூட்டம் "பொம்பிளை பிள்ளையோடு கடலுக்குப் போனதுதான் பிழை" என்று வீட்டுக்காரரைக் குத்தும். ரெண்டு பேருக்கும் ஒரே வசதி, தாங்க ஒன்றும் செய்யத் தேவையில்லை. கத்ரை நானும் நம்புறேன். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியுடைய உம்மத் நாம. ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை அறுகம்பேக்கு வெள்ளைக்காரர்கள் ஏன் வாறாங்க? அலை பெரிசு என்பதால்தான். அதே மாசங்களில்தான் நாம நீந்தத் தெரியாத பிள்ளைகளைக் கொண்டு போறோம். அவங்க பலகையைக் காலில் கட்டிக்கொண்டு இறங்குறாங்க. ஒட்டகத்தைக் கட்டினது யார்? யோசிங்க.

முகத்துவாரமும் களப்பும் அமைதிதானே என்றும் நினைக்காதீங்க. அறுகம்பே பக்கத்தில் 2017இல் ஒரு வெளிநாட்டு இளைஞரை முதலை கொண்டு போனது அப்படி ஒரு தண்ணி ஓரத்தில்தான்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை.

பள்ளி நிர்வாகத்தினரே, பெருநாளுக்கு முந்திய குத்பாவில் ஐந்து நிமிசம் இதைச் சொல்லுங்க.

கழகத் தம்பிமாரே, மட்டைக்கும் ஜேர்சிக்கும் காசு சேர்க்கிறீங்க. ஒரு நீளக் கயிறும் நாலு மிதவையும் வாங்கி வைங்க, ட்ரிப் போற வேனுக்கு இரவல் கொடுங்க.

சக ஆசிரியர்களே, காலைக் கூட்டத்தில் ஒரு நாள் அலை உடையாத இடத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்க.

பெற்றோரே, பிள்ளைகளுக்கு மிதக்கவாவது பழக்குங்க. பெண் பிள்ளைகளுக்கும்தான். பெண்களுக்குத் தனியாக, மறைவாக ஒரு இடமும் நேரமும் ஒழுங்கு செய்ய நம்ம ஊரால் முடியாதா? கடல் ஆண், பெண் பார்த்து இழுப்பதில்லை.

ட்ரிப் போறவங்களே, உள்ளூர் மீனவரிடம் கேட்காமல் இறங்காதீங்க. ஒருத்தர் இழுபட்டால் கையைக் கோர்த்துக்கொண்டு பின்னால் பாயாதீங்க, ஒன்று மூன்றாகிவிடும். மூடி இறுக்கிய வெறும் தண்ணிக் கேனை எறியுங்க. அம்புலன்ஸுக்கு 1990.

எங்கட பிள்ளையைக் காப்பாற்றியவருடைய பெயரைக்கூடக் கேட்க மறந்துவிட்டோம். கொண்டு போன புரியாணியைக் கொடுத்தோம், சிரிச்சுக்கொண்டே வாங்கினார். இந்த முறையும் பாணமைக்குத்தான் போறோம், இன்ஷா அல்லாஹ். வேனில் கயிறும் கேனும் ஏற்றியாச்சு. உங்கட வேனிலும் ஏற்றுங்க.