சுருக்குப் பைக்குக் கூலி என்ன?

கிராமத்துப் பாட்டியின் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை அறியாத தமிழர் இருக்க மாட்டார். வெற்றிலை பாக்கு, சில்லறைக் காசு, பெட்டிச் சாவி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மராத்தியர் வீடுகளிலும் அந்தப் பை உண்டு. "பட்வா" என்பார்கள். பாட்டி வைத்தியத்துக்கே அவர்கள் வைத்திருக்கும் பெயர் "ஆஜிபாயிச்சா பட்வா".

அந்தப் பைக்கு இப்போது மும்பைத் தமிழரிடையே மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. மகாராஷ்டிர அரசு 2018 மார்ச் மாதம் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. கொலுவுக்கு வருகிறவர்களுக்கும் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கும் துணிப் பையில் தாம்பூலம் கொடுப்பது நல்ல வழக்கம். பழைய சேலையில் தைத்து, கையால் பூவேலை செய்த சுருக்குப் பை என்றால் இன்னும் அழகு.

ஆனால் விலை பேசும்போதுதான் வம்பு. "பழைய சேலைதானே, இதற்கு இவ்வளவா?" என்று கேட்கிறார்கள். துணி பழையதுதான். உழைப்பும் பழையதா?

வேலை எவ்வளவு?

பழைய சேலையின் எல்லாப் பாகமும் பைக்கு ஆகாது. கொசுவம் உராயும் இடமும், உட்காரும் இடமும் நைந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரு கையாலும் இழுத்துப் பார்த்து, கெட்டியான பாகத்தைத்தான் எடுக்க வேண்டும். முந்தானையும் கரையும் பெரும்பாலும் தேறும். துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வளையத்தில் மாட்டிப் பூவேலை தொடங்கும். காம்புத் தையலில் கொடி, சங்கிலித் தையலில் இதழ், முடிச்சுத் தையலில் மொட்டு. நூலை இறுக்கினால் பழைய துணி சுருங்கும், கிழியும். தளரவிட்டால் பூ தொங்கும்.

அதன் பிறகே வெட்டித் தைப்பது. உள்ளே பழைய வேட்டித் துணியால் இன்னொரு பை வேண்டும். இல்லாவிட்டால் பூவேலையின் பின்புற நூலில் சாவி மாட்டி அறுத்துவிடும். வாய்ப்புறத்தில் இரண்டு வரிசை தையல் போட்டு, நடுவே நாடாவுக்கு வழி விட வேண்டும். நாடா இரண்டு. ஒன்றை இடப்புறமிருந்தும் மற்றதை வலப்புறமிருந்தும் ஊக்கில் கோத்து முழுச் சுற்று ஓட்டினால்தான், இரு பக்கமும் இழுக்கும்போது வாய் சரியாக மூடும்.

இத்தனைக்கும் சேர்த்து நான்கு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் இரண்டு பை. அப்படியானால் ஒரு பைக்கு அரை நாள் கூலி. நூல், நாடா விலை தனி. அதை ஐம்பது ரூபாய்க்குக் கேட்கிறவர், தம் அரை நாள் உழைப்பை ஐம்பது ரூபாய்க்குக் கொடுப்பாரா? ஆலையிலும் ஆபீசிலும் ஒரு மணி நேரம் கூடுதலாக வேலை வாங்கினால் ஓவர்டைம் கேட்கிறார்கள். அது நியாயம். அந்த நியாயம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடலாமா?

சட்டம் சொன்னது

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே, பொருளை வெளியே கொடுத்துத் தைக்கவோ அலங்கரிக்கவோ செய்து வாங்கினால், அதைச் செய்கிறவரையும் தொழிலாளியாகவே கணக்கிட்டது. வீட்டு வேலைத் தொழிலாளருக்காக 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தனி ஒப்பந்தமே கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

ஆனாலும் கூடிக் கேட்டவர்கள் உண்டு. எலா பட் 1972இல் ஆமதாபாத்தில் தொடங்கிய சேவா சங்கம், ஆலைகளின் துண்டுத் துணியில் விரிப்புத் தைத்த பெண்களைத் திரட்டிக் கூலிக்காகப் போராடியது. அதுவும் கழிவுத் துணிதான். வங்காளத்தின் காந்தா தையலும் பழைய சேலையில் பிறந்ததே. கரையிலிருந்து உருவிய நூலாலேயே பூப்போட்டார்கள். இன்று காந்தா வேலையைப் பழந்துணி என்று யாரும் தள்ளுவதில்லை.

என்ன செய்யலாம்?

வாங்குகிறவர் கஷ்டமும் பொய்யல்ல. நூறு பேருக்குத் தாம்பூலம் கொடுக்கும் குமாஸ்தா குடும்பம், நூறு அரை நாள் கூலிக்கு எங்கே போகும்? அதற்கு வழி, கூலியைக் குறைப்பது அல்ல. வேலையைக் குறைப்பது. பூவேலையும் உள் துணியும் இல்லாத சாதாப் பையை மெஷினில் விரைவாகத் தைத்துவிடலாம். நூறு பேருக்கும் சாதாப் பை கொடுக்கட்டும். சம்பந்தி வீட்டாருக்கு மட்டும் பத்துப் பூவேலைப் பை வாங்கட்டும். பத்தானாலும் முழுக் கூலிக்கு வாங்கட்டும்.

மும்பையிலுள்ள தமிழ்ச் சங்கங்களும் மாதர் மன்றங்களும் ஒன்று செய்யலாம். பழைய சேலைகளைச் சேகரித்து, தைக்கும் பெண்களிடம் நேரே கொடுக்கலாம். எந்தப் பைக்கு எத்தனை மணி நேரம், என்ன கூலி என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். இடையில் தரகர் வேண்டாம். பொருளை வாங்கிய அன்றே கூலி கைக்கு வர வேண்டும்.

ஊரில் பாட்டி அந்தப் பையைத் தனக்காகத் தைத்துக்கொண்டாள். கூலி கேட்கவில்லை. இங்கே ஒற்றை அறையில் விளக்கு வெளிச்சத்தில் தைக்கிறவள் அடுப்பெரியத் தைக்கிறாள். பேரம் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை உணர வேண்டும்.