ஒரு உலோகச் சீவல் போதும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் தூசியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேபினட்டுக்குள் தவறி விழுந்த ஸ்க்ரூவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கோ அதன் மேல்தான் பயம்.

காரணம், நான் படித்தது எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங். இன்று வேலை சாஃப்ட்வேரில் என்றாலும், ஹை வோல்டேஜ் பாடத்தில் படித்த ஒன்று மறக்கவில்லை. இட நெருக்கடியுள்ள நகரங்களில் துணை மின் நிலையத்தின் மின்கடத்திகளை உலோகக் குழாய்களுக்குள் வைத்து, சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு என்ற வாயுவை அழுத்தத்துடன் நிரப்பிவிடுவார்கள். ஒரே அழுத்தத்தில், காற்றைவிடச் சுமார் 3 மடங்கு வோல்டேஜை இது தாங்கும்.

இந்த வாயுவையும் தோற்கடிக்க, சில மில்லிமீட்டர் நீள அலுமினியச் சீவல் போதும்! போல்ட் முடுக்கும்போது உராய்ந்து உதிர்ந்ததாக இருக்கலாம். குழாயின் அடியில் கிடக்கும் சீவல், மின்சாரம் வந்ததும் மின்னூட்டம் பெற்று எழுந்து நின்று குதிக்கத் தொடங்கும். அதன் கூர்முனையில் மின்புலம் குவியும். கடத்தியை நெருங்கினாலோ, கடத்தியைத் தாங்கும் எபாக்ஸி ஸ்பேஸரில் ஒட்டிக்கொண்டாலோ ஃப்ளாஷ்ஓவர் ஆகிவிடலாம். உருண்டைத் துகளைவிட மெல்லிய, நீளமான துகள்தான் மோசம். வாயுவின் அழுத்தத்தைக் கூட்டினாலும் அதற்கேற்ற பலன் கிடைப்பதில்லை. அதனால்தான் குழாய்க்குள் துகள்களைப் பிடிக்கப் பொறிகள் வைக்கிறார்கள். முதல் சோதனையில் வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றி, துகள்களை அவற்றுக்குள் விழ வைக்கிறார்கள்.

நம் மதர்போர்டில் இருப்பது 12 வோல்ட்தான், எதுவும் குதிக்காது. ஆனால் அங்கே சால்டர் புள்ளிகள் மிக நெருக்கம். சீவல் இரண்டைத் தொட்டால் ஷார்ட்!

என் முதல் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தவர், கார்டு சரியாக உட்காரவில்லை என்று, போர்டைக் கழற்றாமலேயே கேபினட் தகட்டை அரத்தால் ராவினார். 2 மாதம் அது தானாக ரீஸ்டார்ட் ஆனது. "வைரஸ் சார்" என்றார். விண்டோஸை 3 முறை இன்ஸ்டால் செய்தேன் (நான் இன்ஜினீயர் வேறு!). கடைசியில் போர்டைத் தூக்கினால், அடியில் ஒரு இரும்புச் சீவல்.

ஆகவே தகட்டை ராவவோ துளையிடவோ வேண்டுமென்றால், போர்டை வெளியே எடுத்த பிறகுதான் செய்ய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கழற்றிய ஸ்க்ரூக்களை எண்ணிக் கிண்ணத்தில் போடுங்கள். ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும்வரை பவர் கொடுக்க விடாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் ஏதாவது விழுந்துவிட்டால் நீங்களே திறக்க வேண்டாம். அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் சிறிது நேரம் தங்கும்.